காரின் கம்பெனி ஸ்டீரியோவும் டிஎஸ்பி அமைப்புகளும்: கதவிலிருந்து குரலை எடுத்து நடுவில் வைத்தது

சென்ற தை மாதம் அப்பாவைச் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் அழைத்துச் சென்றேன். திண்டிவனம் தாண்டியதும், அவர் சேமித்து வைத்திருக்கும் பழைய வானொலிக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், விக்கிரவாண்டியில் பண்ருட்டிச் சாலைக்குத் திரும்பும்போது, "பாடுறவர் ஏன்பா இந்தக் கதவுக்குள்ள உட்கார்ந்து பாடுறார்?" என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். சபாவில் பாடகர் நடுவிலும் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமுமாக அமர்ந்திருக்கப் பார்த்தும் கேட்டும் பழகிய காதுக்கு, இடது கதவின் கைப்பிடிக்குக் கீழிருந்து வரும் குரல் விந்தையாகத்தான் இருந்திருக்கும். எனக்கோ அதே நேரத்தில் அதே பாடகர் வலது கதவுக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆண்டுகளாக அந்தக் காரை ஓட்டியும் அதை நான் கவனித்ததில்லை.

அந்தக் கேள்விதான் என்னை ஸ்டீரியோவின் அமைப்புப் பக்கத்துக்குள் இழுத்தது. அதுவரை நான் தொட்டவை பேஸும் ட்ரெபிளும் மட்டுமே. இரண்டையும் ஏற்றி வைத்துவிட்டு, போதவில்லை என்றால் இன்னும் ஏற்றுவேன். அதன்பின் இரண்டு மாதங்கள் விடுமுறை நாள்களின் காலைப் பொழுதுகளை ஒரு டேப்பும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திய காருக்குள் கழித்தேன். கம்பெனியிலிருந்தே பொருத்தி வரும் ஸ்டீரியோவை வைத்திருப்பவர்கள், வேறு எதையும் வாங்காமல், அதற்குள் ஏற்கெனவே இருப்பதை முறையாகப் பயன்படுத்தினாலே எவ்வளவு தூரம் போகலாம் என்று அப்போது புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஎஸ்பி என்பது என்னவென்று பார்த்துவிடலாம். போனிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ வரும் பாட்டு எண்களின் வரிசையாகத்தான் ஸ்டீரியோவை அடைகிறது. ஒரு நொடிக்கு, ஒரு பக்கத்துக்கு, 44,100 அல்லது 48,000 எண்கள். அந்த எண்கள் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முன் ஒரு சிப் அவற்றின்மீது கணக்குப் போடுகிறது. டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசசிங்) என்பது அதுதான். சில அலைவரிசைகளை உயர்த்துவது, சிலவற்றைக் குறைப்பது, ஒரு ஸ்பீக்கருக்குப் போகவேண்டியதைச் சற்று நேரம் பிடித்து வைத்து அனுப்புவது, வேகம் கூடும்போது ஒலியைக் கூட்டுவது ஆகிய எல்லாமே அந்தக் கணக்குகள்தாம். மாருதி பலேனோவின் 2022 மாடலில் ஆர்கமிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஒலி மென்பொருள் வந்ததும், டாடா கார்களில் ஹார்மன், ஜேபிஎல் பெயர்கள் வந்ததும், மஹிந்திரா எக்ஸ்யூவி 700இல் 12 ஸ்பீக்கர்களோடு சோனி வந்ததும், ஹூண்டாய் க்ரெட்டாவில் போஸ் வந்ததும் நம் ஊர்ச் சாலைகளில் இந்தக் கணக்குகளைப் பரவலாக்கியிருக்கின்றன. ஆனால் இப்படிப் பெரிய பெயர் எதுவும் எழுதப்படாத நான்கு ஸ்பீக்கர் ஸ்டீரியோக்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் டிஎஸ்பி இருக்கவே செய்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. திரையில் எல்லாப் பட்டைகளும் பூஜ்யத்தில் இருக்கும்போது டிஎஸ்பி சும்மா இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல கார்களில் அந்தப் பூஜ்யத்துக்கு அடியிலேயே ஒரு திருத்தம் பதிந்து கிடக்கிறது. காரை வடிவமைப்பவர்கள் இருக்கைகளில் மைக்குகளை வைத்து அளந்து, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் எந்த அலைவரிசையைத் துள்ள வைக்கின்றன, எதை விழுங்குகின்றன என்று பார்த்து, அந்த உள்ளறைக்கென்றே ஒரு வளைவை வரைந்து வைக்கிறார்கள். ஆகவே பூஜ்யம் என்பது அவர்கள் விட்டுப்போன இடம். நாம் பேஸை ஐந்து புள்ளி ஏற்றும்போது, முன்பே திருத்தப்பட்ட ஒன்றின்மேல் இன்னொரு திருத்தத்தைப் போடுகிறோம். எந்தச் சோதனையையும் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, லவுட்னஸ், சரவுண்ட், வேகத்துக்கேற்ற வால்யூம் மூன்றையும் (இவற்றைப் பின்னால் விளக்குகிறேன்) அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை கார் ஒலியில் ஆகப் பெரிய சிக்கலும், பெரும்பாலானோர் திரும்பிப் பார்க்காத அமைப்பும் இதுவே.

வீட்டில் ஸ்டீரியோ கேட்பவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்காரலாம். காரில் யாருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. அங்கே கியர் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, என் காதருகிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். வலது கதவின் ஸ்பீக்கர் 95 செ.மீ. தொலைவிலும் இடது கதவின் ஸ்பீக்கர் 155 செ.மீ. தொலைவிலும் இருந்தன; வித்தியாசம் 60 செ.மீ. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. அப்படியானால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே கணத்தில் ஒரே ஒலியை எழுப்பினாலும், வலது பக்கத்து ஒலி என்னை அடைந்து 1.7 மில்லி விநாடி கழித்துத்தான் இடது பக்கத்து ஒலி வந்து சேர்கிறது.

ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத இந்த இடைவெளியைக் காது கண்டுகொள்ளுமா என்று ஐயப்படலாம். காது அதைத் துல்லியமாகக் கண்டுகொள்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த முனைவர் பட்ட ஆய்வும், அதே ஆண்டில் அமெரிக்காவில் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையும் இதைப் பற்றியவை. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சற்று முன்னும் பின்னுமாக வரும்போது, முந்தி வருவது எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் முழு ஒலியும் இருப்பதாக மூளை முடிவு செய்துகொள்கிறது. இடைவெளி ஒரு மில்லி விநாடிக்குள் இருந்தால் குரல் நடுவிலிருந்து படிப்படியாக ஒரு பக்கம் நகர்கிறது. அதைத் தாண்டிவிட்டால் முந்தி வந்த ஸ்பீக்கரிலேயே குரல் ஒட்டிக்கொள்கிறது. என் காரின் 1.7 மில்லி விநாடி அந்த எல்லையைத் தாண்டியது. எனவே எனக்குப் பாடகர் வலது கதவுக்குள் இருந்தார். அளவுகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல் மாறி அமைந்த இடது இருக்கையில் அப்பாவுக்கு இடது கதவுக்குள் இருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன். அந்த 60 செ.மீ. வேறொன்றையும் செய்கிறது. ஓர் அலையின் நீளத்தில் சரிபாதி 60 செ.மீ.யாக அமையும்போது, ஒரு ஸ்பீக்கரின் அழுத்தம் ஏறும் அதே கணத்தில் மற்றதன் அழுத்தம் இறங்கி, காதருகில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளப் பார்க்கின்றன. கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 290 ஹெர்ட்ஸில் விழுகிறது. பிறகு அதன் மூன்று மடங்கான 870இலும் ஐந்து மடங்கான 1,450இலும் மீண்டும் வருகிறது. இந்த எண்ணைச் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே தூக்கிவாரிப் போட்டது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், தார ஸ்தாயி சட்ஜம் 262, அதற்கு மேல் சதுஸ்ருதி ரிஷபம் 294. பாடகர் மேல் சட்ஜத்தைத் தொட்டு அதைத் தாண்டி ரிஷபத்தில் நிற்கும் இடம், அதாவது கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம், என் ஓட்டுநர் இருக்கையில் மெலிந்துபோகும் இடமாக இருந்தது. கண்ணாடிகளிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடுவதால் அந்த ஸ்வரம் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. ஆனால் சட்ஜத்தில் இருந்த கனம் ரிஷபத்தில் இல்லாததை, காரணம் தெரிந்தபின் ஒவ்வொரு முறையும் கேட்க முடிந்தது. இத்தனை நாளும் அதைப் பாடகரின் மூச்சுக் குறையாகவோ ஒலிப்பதிவின் பழமையாகவோ எண்ணியிருந்தேன்.

அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இதற்கு மருந்தாகாது. 290 ஹெர்ட்ஸை ஏற்றினால் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்தே ஏறும். சேர்ந்தே ஒன்றையொன்று அழிக்கும். பேலன்ஸும் பாதி மருந்துதான். பேலன்ஸை இடது பக்கம் தள்ளினால் தொலைவிலுள்ள ஸ்பீக்கர் உரக்கப் பாடி, குரலை ஓரளவு நடுவை நோக்கி இழுக்கும். ஆனால் குரல் புள்ளியாக நில்லாமல் டேஷ்போர்டு முழுவதும் பரவிய கறைபோல் ஆகிவிடும், நேர இடைவெளியும் அப்படியே இருக்கும். சரியான மருந்து எளிமையானது: அருகிலுள்ள ஸ்பீக்கரைக் காத்திருக்க வைப்பது. நொடிக்கு 48,000 எண்கள் என்றால் 1.7 மில்லி விநாடி என்பது ஏறத்தாழ 82 எண்கள். வலது கதவுக்குப் போகும் வரிசையை 82 எண்கள் அளவுக்கு நினைவகத்தில் நிறுத்தி வைத்து அனுப்பினால், இரு பக்கத்து ஒலியும் என் காதுக்கு ஒன்றாக வந்து சேரும். டிஎஸ்பி செய்யும் வேலைகளிலேயே கணக்களவில் மிக எளியது இதுதான். கேட்பவருக்குக் கிடைக்கும் பலனிலோ இதற்கு நிகரான வேறொன்றை நான் காணவில்லை.

கம்பெனி ஸ்டீரியோக்களில் இந்த அமைப்பு பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. சிலவற்றில் 'இருக்கை நிலை' என்றோ 'கேட்கும் இடம்' என்றோ வந்து, ஓட்டுநர், முன் இருக்கைகள், எல்லோரும் என்ற தேர்வுகளைக் காட்டும். சிலவற்றில் காரின் படத்தைக் காட்டி ஒரு புள்ளியை நகர்த்தச் சொல்லும். ஆனால் அந்தப் படம் வெறும் பேலன்ஸ்-ஃபேடர் (ஒலியை இடது-வலதாகவும் முன்-பின்னாகவும் பகிர்வது) படமாகவும் இருக்கலாம் என்பதால், புள்ளியை நகர்த்தும்போது ஒலியின் அளவு மட்டும் மாறுகிறதா, குரலின் இடமும் கூர்மையும் மாறுகின்றனவா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்கள் சிலவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் சென்டிமீட்டரில் கொடுக்கலாம். என் காரில் அவ்வளவு வசதி இல்லை. மூன்று தேர்வுகள் மட்டுமே இருந்தன, 'எல்லோரும்' என்பதில் அது நின்றிருந்தது. மேலும், நான்கு சேனல் ஸ்டீரியோக்களில் கதவு ஸ்பீக்கரும் அதற்கு மேலுள்ள ட்வீட்டரும் (கீச்சு ஓசைகளுக்கான சிறு ஸ்பீக்கர்) ஒரே கம்பியில் ஒலி பெறுவதால், அவ்விரண்டையும் தனித்தனியே காத்திருக்க வைக்க முடியாது. அந்தக் குறையோடு வாழப் பழகிக்கொள்ளலாம், அது சிறியது.

இதைச் சோதித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அப்பாவிடம் இருக்கும் பழைய அகில இந்திய வானொலிப் பதிவுகள்தாம் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கருவி. அவை மோனோ, இடது பக்கமும் வலது பக்கமும் எண்ணுக்கு எண் ஒன்றேதான். ஆகவே எல்லாம் சரியாக இருந்தால் பாடகரும் வயலினும் மிருதங்கமும் தம்பூராவும் டேஷ்போர்டில் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். ஸ்டீரியோப் பதிவில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளருக்குத்தான் தெரியும். மோனோவில் அந்தக் குழப்பம் இல்லை. ஃபேடரை முழுவதும் முன்னால் தள்ளி, பின் ஸ்பீக்கர்களை மௌனமாக்கி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசி விசிறியை அணைத்து, 'ஓட்டுநர்' தேர்வை அழுத்தினேன். கதவிலிருந்த குரல் எழுந்து ஸ்டீயரிங்குக்கும் கண்ணாடியின் நடுவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் வந்து நின்றது. பேலன்ஸை இடது பக்கம் ஒரே ஒரு புள்ளி நகர்த்தியதும் அது நேர்முன்னே அமர்ந்துவிட்டது. மேல் ரிஷபத்துக்குக் கனம் திரும்பி வந்தது. காரை நிறுத்தியிருந்த வேப்ப மரத்தடியில் அந்த ஆலாபனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பீக்கரை மாற்றியவர்கள் இந்தச் சோதனையில் இன்னொன்றையும் கண்டுபிடிக்கலாம். மோனோப் பதிவில் குரல் எந்தப் புள்ளியிலும் நில்லாமல் தலைக்குள் சுற்றுவதுபோல் இருந்து, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஓசை தரும் பக்கம்) ஓசையும் காணாமல் போனால், ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு பக்கத்தில் கம்பிகளை மாற்றினால் போதும். டிஎஸ்பியில் என்ன செய்தாலும் சரியாகாது.

குரலின் இடத்தைச் சரிசெய்தபின்தான் ஈக்வலைசரைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் நாம் பேஸ் போதவில்லை என்றும் குரல் மெலிந்திருக்கிறது என்றும் நினைப்பவற்றில் பாதி, மேலே சொன்ன அழிவால் வருவது. அது நீங்கியபின் பேஸை ஏற்ற வேண்டிய தேவையே எனக்குக் குறைந்துவிட்டது.

ஏற்றுவதன் விலை என்ன என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். கார் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். பெரும்பாலான கம்பெனி ஸ்டீரியோக்களில் தனி ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு சிப்தான் நான்கு ஸ்பீக்கர்களையும் இயக்குகிறது. அந்தச் சிப் இந்த 14.4 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. நான்கு ஓம் ஸ்பீக்கரில், வடிவம் கெடாத ஓர் அலைக்கு அதிலிருந்து கிடைப்பது 26 வாட்டுக்கும் குறைவு. சிப்பின் இழப்பைக் கழித்தால் இருபதை ஒட்டித்தான் நிற்கும். அப்படியானால் அட்டைப்பெட்டியிலும் விளம்பரத்திலும் வரும் '50 வாட் × 4' எங்கிருந்து வருகிறது? அதே 14.4 வோல்ட்டை, அலையின் மேடுகளெல்லாம் வெட்டுண்டு சதுரமாகிவிடும் அளவுக்குத் தள்ளினால் கணக்கில் கிடைப்பது ஏறத்தாழ 52 வாட். அது இசையாகக் கேட்கத்தக்க வாட் அன்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு டெசிபலைப் பாருங்கள். 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 9 டெசிபலுக்கு எட்டு மடங்கு. மிருதங்கத்தின் ஓர் அடிக்கு 5 வாட் போய்க்கொண்டிருக்கும் வால்யூமில், பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அது 20 வாட் கேட்கிறது, சிப் தன் எல்லையில் நிற்கிறது. 9 டெசிபல் ஏற்றினால் 40 வாட் கேட்கிறது. அது சிப்பிடம் இல்லை. இல்லாததைக் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படுகிறது. அப்போது தொப்பியின் கும்கி, அந்த வழுக்கிச் செல்லும் கமகம், ஒரு 'தொப்' ஆகச் சுருங்கிப்போகிறது. அதே கணத்தில் அதே சிப் வழியாகப் போகும் குரலும் சேர்ந்து கரகரக்கிறது. இதோடு இன்னொரு எல்லையும் உண்டு. இன்றைய பாடல்கள் பலவும் எண்களின் உச்சவரம்பை ஏறத்தாழத் தொட்டபடியே பதிவாகின்றன. அதற்குமேல் ஏற்றச் சொன்னால், டிஎஸ்பி முழுப் பாட்டையும் தாழ்த்தியோ உச்சங்களை அமுக்கியோதான் இடம் உண்டாக்க முடியும். சில கம்பெனி அமைப்புகள் வால்யூம் கூடக்கூடப் பேஸைத் தாமே குறைத்துக்கொள்வதும் சிறிய ஸ்பீக்கரைக் காப்பாற்றத்தான். நாம் பேஸை ஏற்ற ஏற்ற அது இறக்குவதாகத் தோன்றினால் நம் காதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் ஏற்றுவதை விட்டுவிட்டுக் குறைக்கப் பழகினேன். பேஸ் கூடுதலாக வேண்டுமென்றால் நடுப்பகுதியையும் ட்ரெபிளையும் இரண்டிரண்டு புள்ளி குறைத்து, வால்யூமைச் சற்றே கூட்டுகிறேன். காதுக்குக் கிடைக்கும் விகிதம் ஒன்றுதான். எந்த உச்சமும் வெட்டுப்படுவதில்லை. ட்ரெபிளுக்கு என் அளவுகோல் 'ச', 'ஸ' ஓசைகள். பல்லவியில் வரும் ஸகரம் ஊசியாகக் குத்தினால் ட்ரெபிள் அதிகம். தம்பூராவின் ஜீவா நூல் தரும் அந்த மினுமினுப்பு மங்கினால் குறைவு. பேஸுக்கு அளவுகோல் தொப்பி: அடி விழுந்ததும் எழுந்து, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்க வேண்டும். அடுத்த அடி வரும்வரை கதவு முனகிக்கொண்டிருந்தால் அது மிருதங்கமன்று, கதவின் தகடு. பாப், ராக், கிளாசிக், வோக்கல் என்று பெயரிட்டு வைத்திருக்கும் ஆயத்த அமைப்புகள் யாரோ வரைந்து வைத்த ஈக்வலைசர் வடிவங்களே. அவற்றில் நம் கச்சேரிக்குப் பொருந்துவதாக ஒன்றையும் நான் காணவில்லை.

உள்ளறையின் நீளமும் பேஸைத் தீர்மானிக்கிறது. ஒலியலையின் பாதி நீளம் உள்ளறையைவிடப் பெரிதாகிவிடும்போது, அதாவது என் காரின் அளவுக்கு ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி அலையாக ஓடுவதை விட்டு, பந்துக்குள் காற்றடிப்பதுபோல் முழு அறையின் அழுத்தத்தையும் ஏற்றி இறக்குகிறது. சின்னஞ்சிறு கார்களில்கூடப் பேஸ் எளிதாகக் கிடைப்பது இதனால்தான். கண்ணாடியை இறக்கியதும் அந்தப் பந்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. கண்ணாடி இறங்கியிருக்கும்போது செய்த ஈக்வலைசர் அமைப்பு, ஏற்றியபின் பொருந்தாமல் போவதன் காரணமும் இதுவே.

லவுட்னஸ் என்ற பொத்தானை இத்தனை காலம் 'இன்னும் உரக்க' என்று புரிந்துகொண்டிருந்தேன். அதன் வேர் 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் செய்த அளவீடுகளில் இருக்கிறது. ஒலி மெல்லியதாக ஆக, தாழ்ந்த அலைவரிசைகளுக்குக் காது அதிகமாக மந்தமாகிறது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக இருக்கும் ஓசையோடு சமமாகக் கேட்க, 100 ஹெர்ட்ஸ் ஓசை 60 டெசிபலையும் தாண்டியாக வேண்டும். வால்யூமைக் குறைத்தால் குரல் மிஞ்சி மிருதங்கம் காணாமல் போவது நம் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். லவுட்னஸ் அந்தக் குறைவை ஈடுகட்டுகிறது. அதனால் இரவில், பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கும்போது, மெல்லக் கேட்பதற்கு அது அருமையானது. வால்யூமைக் கூட்டியபின் காது தானே சமமாகிவிடுவதால், அப்போதும் லவுட்னஸ் போட்டிருந்தால் அது வெறும் பேஸ் திணிப்பாகிவிடும்.

வேகத்துக்கேற்ற வால்யூமை நான் நடுநிலையில் வைத்திருக்கிறேன். எளிய அமைப்புகள் வண்டியின் வேகத்தை மட்டும் பார்த்து ஒலியைக் கூட்டுகின்றன. போஸின் ஆடியோபைலட் போன்றவை உள்ளறையில் மைக் வைத்து இரைச்சலையே கேட்டு ஈடுகட்டுகின்றன. வேகத்தை மட்டும் பார்ப்பதற்கு, வழவழப்பான தார்ச்சாலையும் சொரசொரப்பான கான்கிரீட் சாலையும் ஒன்றுதான். அதை உச்சத்தில் வைத்தால் சுங்கச்சாவடியை நெருங்கும்போதெல்லாம் பாட்டு அமுங்கி, தாண்டியதும் எழும்புவது தெரிந்துவிடும். தெரியாத அளவே சரியான அளவு. டயர் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் முதலில் பேஸைத்தான் அது மறைக்கும். எனவே நிறுத்திய காரில் அமைத்து முடித்தபின், நெடுஞ்சாலைக்கென்று ஒன்றிரண்டு புள்ளி பேஸைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

சரவுண்ட் வகை அமைப்புகள் பெரும்பாலும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுபவை. திரைப்பாடலின் தந்திக்கூட்டம் விரிந்து கேட்கும்; இருபக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் குரல் பின்னுக்குப் போகும். மோனோப் பதிவில் வேறுபாடே இல்லாததால் அவற்றுக்கு அங்கே அதிக வேலையில்லை. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஃபேடரைப் பொறுத்தவரை, பின் ஸ்பீக்கர்களை அணைத்தால் மட்டுமே அவை இருந்தது தெரியும் என்னும் அளவுக்குக் குறைத்து வைத்தால் போதும். பாட்டு முன்னாலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, போனில் கோட்டை விடுபவர்கள் உண்டு. போனில் வேறொரு ஈக்வலைசர் ஓடிக்கொண்டிருந்தால் காரின் ஈக்வலைசரோடு அது மோதும். அதை அணைக்க வேண்டும். போனின் வால்யூம் பாதியில் இருந்தால் காரின் வால்யூமை மிக உயர்த்த வேண்டிவரும். போனை முழு அளவில் வைத்து, காரில் கட்டுப்படுத்துவது நல்லது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் புளூடூத்தின் அடிப்படை எஸ்பிசி முறை தன் உயர்தர நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் அனுப்புகிறது. சிடியில் இருப்பது 1,411. ஓடும் காரில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாவிட்டாலும், அமைப்புகளைச் சோதிக்கும்போது மட்டுமாவது யுஎஸ்பி வழியாகக் கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் பேட்டரியைக் கழற்றியபோது ஒருமுறை என் அமைப்புகள் அனைத்தும் அழிந்து போயின. அந்தப் படங்களால்தான் பத்து நிமிடத்தில் மீட்டேன்.

பங்குனியில் மீண்டும் அப்பாவோடு கும்பகோணம் புறப்பட்டோம். 'ஓட்டுநர்' தேர்வில் எனக்குப் பாடகர் நேர்முன்னே இருந்தார். ஆனால் அந்தத் தேர்வு அவருக்கு என்ன செய்கிறது என்பதைப் புறப்படும் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அவருக்கு வலது ஸ்பீக்கர் ஏற்கெனவே 60 செ.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறது. எனக்காக அதை இன்னும் 1.7 மில்லி விநாடி காக்க வைத்தால் அவருக்கு இடைவெளி 3.4 ஆகிறது. என் பாடகரை நடுவில் உட்கார வைக்க, அவருடைய பாடகரைக் கதவுக்குள் இன்னும் இறுக்கி அடைக்கிறேன். 'முன் இருக்கைகள்' என்ற தேர்வு இருவரையும் பாதி பாதி திருப்தி செய்யப் பார்க்கிறது. அதில் இருவருக்குமே குரல் புள்ளியாக நிற்பதில்லை. இடது இருக்கைக்கென்று தனித் தேர்வு என் ஸ்டீரியோவில் இல்லை. தாமதத்தை அணைத்து, பேலன்ஸை வலது பக்கம் மூன்று புள்ளி தள்ளி, அதை ஸ்டீரியோவின் இரண்டாம் சேமிப்பிடத்தில் அப்பாவுக்காகப் பதிந்து வைத்தேன். அரை மருந்துதான், ஆனாலும் குரல் கதவை விட்டு எழுந்து டேஷ்போர்டுக்கு வந்துவிட்டது.

பண்ருட்டி தாண்டியதும் அதே கச்சேரியைப் போட்டு அந்த இரண்டாம் சேமிப்பிடத்துக்கு மாற்றினேன். எனக்குப் பாடகர் மீண்டும் வலது கதவுக்குள் போய்விட்டார், மேல் ரிஷபமும் மெலிந்தது. அப்பா கண்ணைத் திறந்து, எதிரே கண்ணாடியைப் பார்த்து, "இப்ப முன்னால வந்துட்டார்பா" என்றார். வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டிக் கும்பகோணம் சேரும்வரை அதை மாற்றவில்லை.